கொல்லிமலைக் காட்டுப்பன்றிக்கு ‘ஸ்கோப்’ பதில் சொல்லுமா?

“சார், இதுல எதை வாங்கலாம்?”

குண்டூர் நாட்டில் ஒரு மரவள்ளி வயலின் வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது, அந்த வீட்டுப் பையன் கைபேசியை நீட்டிக் கேட்டான். நுண்ணூட்டக் கலவையோ, மாவுப்பூச்சி மருந்தோ என்று நினைத்து வாங்கிப் பார்த்தேன். துப்பாக்கியின் மேல் பொருத்தும் ‘ஸ்கோப்’ எனும் குறிநோக்கிக் குழல்கள் வரிசையாக இருந்தன. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் செம்மேடு வரை வந்துவிடுமாம்.

அவனுடைய அப்பா ஒன்றும் பேசவில்லை. வயலை மட்டும் காட்டினார். முந்தின இரவு இறங்கிய கூட்டம், எட்டு மாதக் கிழங்கைத் தோண்டித் தின்றதைவிடக் கடித்துப் போட்டதுதான் அதிகம். குச்சிகள் சாய்ந்து கிடந்தன. சேகோ ஆலைக்கு லோடு ஏற்ற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. உழவியல் படித்த எனக்கு அந்த நேரத்தில் சொல்ல எதுவும் இல்லை. பையன் கேட்ட கேள்விக்காவது நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொல்லிமலைக்கும் குறி பார்ப்பதற்கும் பழைய உறவு உண்டு. ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என வரிசையாக வீழ்த்திய வல்வில் ஓரியைப் புறநானூறு பாடுகிறது. ஆண்டுதோறும் ஆடியில் செம்மேட்டில் அவனுக்கு அரசு விழாவும் எடுக்கிறோம். அந்தப் பட்டியலில் அன்றே காட்டுப்பன்றி இருக்கிறது என்பதை நான் கவனித்தது தாமதமாகத்தான். ஆனால் ஓரி பகலில் சுட்டான். நம்முடைய பன்றி இரவு பதினொன்றுக்கு மேல் வருகிறது.

கடைக்காரர் சொல்லாத கணக்கு

‘3-9×40’ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு எண்களும் பெருக்கம். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாகக் காட்டும். 40 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். ஒன்பது மடங்கு என்றதும் பையன்களுக்கு ஆசை வந்துவிடுகிறது. இரவு வயலில் அதுதான் முதல் தவறு.

முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞனின் கண்பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவருக்கு அவ்வளவு விரிவது அரிது. அதாவது ஒன்பது மடங்கில் வைத்தால் இருட்டு இன்னும் இருட்டாகும். நான்கு மடங்கில் வைத்தால் 10 மில்லிமீட்டர் கிடைக்கும். கண் வாங்கக்கூடிய ஒளி முழுவதும் வந்துசேரும்.

இதைவிட முக்கியமானது பார்வையின் அகலம். மலை வயல்களில் பன்றி நிற்கும் தூரம் 30, 40 மீட்டர், மிஞ்சினால் 60. ஒன்பது மடங்கில் 40 மீட்டரில் தெரியும் வட்டம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். பன்றியின் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும். அதன் பின்னால் குட்டி நிற்கிறதா, கரடி நிற்கிறதா, பக்கத்து வயலுக்குக் காவல் வந்த சித்தப்பா நிற்கிறாரா என்று தெரியாது. மூன்று மடங்கில் அதே தூரத்தில் நான்கைந்து மீட்டர் அகலம் தெரியும். அந்த மூன்று மீட்டர் வித்தியாசத்தில்தான் ஓர் உயிர் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கிக்கு ஆள் பலியானார் என்று மலையடிவாரச் செய்திகளில் படிக்கிறோமே, அவற்றில் பல, பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்டவை.

இன்னொன்று. குழல், துப்பாக்கிக்கு நான்கு சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கும். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில் 10 மீட்டரில் சுட்டால் குண்டு குறிக்குக் கீழே போகும். சரிவு நிலத்தில் 100 மீட்டர் என்று கண் மதிப்பது, 30 பாகைச் சரிவானால் குண்டின் கணக்கில் 87 மீட்டர்தான். அதனால் மேலிருந்து கீழே சுட்டாலும், கீழிருந்து மேலே சுட்டாலும் குண்டு சற்று உயரப் போகும். 50 மீட்டருக்குள் இதெல்லாம் பெரிய பொருட்டில்லை. தூரம் கூடக்கூடத்தான் தொல்லை. ஆகவே பல தூரங்களுக்கும் பொருந்தும் குழல் எது என்று கேட்டால், குறைந்த பெருக்கத்தில் தொடங்கும் குழல், ஒன்றிலிருந்து நான்கு அல்லது இரண்டிலிருந்து ஏழு மடங்கு, எப்போதும் அதன் கீழ்முனையில் வைத்தே எடுத்துச் செல்வது என்பதுதான் என் பதில். தூரத்தில் நிற்கும் விலங்குக்குப் பெருக்கத்தைக் கூட்ட நேரம் இருக்கும். பக்கத்தில் வந்துவிட்டதற்குக் குறைக்க நேரம் இருக்காது.

பையனுக்கு இதைச் சொன்னேன். சந்தோஷப்பட்டான். “அப்ப சின்னதே போதும், விலையும் கம்மி” என்றான். அதற்குப் பிறகு சொன்னதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

எதில் பொருத்துவாய்?

மலையில் புழக்கத்தில் இருப்பது வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. அதன் குழலுக்குள் திருகு வரி கிடையாது. பால்ரஸ் குண்டுகள் வெளியே வந்ததும் சிதறும். 40 மீட்டரில் எங்கே போகும் என்று துப்பாக்கிக்கே தெரியாது. அதன் மேல் எவ்வளவு நல்ல கண்ணாடி பொருத்தினாலும், ஓட்டை வாளிக்குப் பித்தளைப் பிடி போட்டது போலத்தான். உதைப்பு வேறு, கண்ணுக்கும் குழலுக்கும் இடையே மூன்று அங்குல இடைவெளி இல்லாவிட்டால் புருவம் கிழியும்.

உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். தாமாக முன்வந்து ஒப்படையுங்கள் என்று காவல்துறை மலை ஊர்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பலருக்குத் தெரியாத செய்தி வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க வழி வைத்திருக்கிறது. 2016 ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் கேட்கின்றன. ஆனால் உரிமம் கையில் இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துப்பூர்வமாக அனுமதிக்க வேண்டும். துப்பாக்கிக்கு ஒரு தாள், பன்றிக்கு இன்னொரு தாள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சிறை வாசல்தான்.

சிறுவர்கள் வாங்கும் காற்றுத் துப்பாக்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உரிமம் தேவைப்படாத அளவுக்குள் விற்கப்படும் காற்றுத் துப்பாக்கி பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட ஆண் பன்றி மறுநாள் காலையில் விறகு பொறுக்கப் போகும் பெண்களின் வழியில் படுத்திருக்கும். அவுட்டுக்காய் இதைவிடக் கேடு. மாடு கடிக்கிறது, நாய் கடிக்கிறது, சில நேரம் குழந்தை எடுக்கிறது.

மூன்று கிலோமீட்டர் கணக்கு

அப்படியானால் யார் சுடுவது? 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் வனத்துறை அமைச்சர் ஓர் அறிவிப்பு செய்தார். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறைப் பணியாளர் அடங்கிய ஊர்க்குழு இதற்குப் பரிந்துரைக்கும்.

சமவெளிக்கு இது நியாயமான ஏற்பாடு. கரூரிலோ அரியலூரிலோ காட்டிலிருந்து வெகுதூரம் வந்து, சீமைக்கருவேலப் புதரிலேயே குடும்பம் நடத்தும் பன்றிக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். கொல்லிமலையில்? மேட்டு நிலத்தில் ஊர், சரிவெல்லாம் காப்புக்காடு, இடையிடையே சோலைத் துண்டுகள். குண்டூர் நாட்டில் நான் நின்ற வயல்களில் எதிலும், காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் என்று சொல்லத்தக்க இடத்தை நான் பார்க்கவில்லை. பலவற்றில் வரப்புக்கு அடுத்தது காடு. பிடித்துக் காட்டுக்குள் விடுவது என்றால், வேலிக்கு இந்தப் பக்கம் பிடித்து அந்தப் பக்கம் விடுவதுதான்.

போதாததற்கு, நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அதே ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஊர்க்குழுவில் ஊரின் குரலாக இருக்க வேண்டிய நாற்காலியில் அலுவலர் உட்கார்ந்தால், பன்றி வந்த இரவைச் சொல்ல யார் இருப்பார்?

கேரளம் 2022-இல் வேறு வழியில் போனது. உள்ளாட்சித் தலைவர்களுக்கே கௌரவ வன உயிரினக் காப்பாளர் அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுட உத்தரவிடச் செய்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உரிமமற்ற துப்பாக்கி இவ்வளவு இருக்கும் மலையில், யார் கையில் எது இருக்கிறது என்று தெரியாமல் கதவைத் திறந்துவிடக் கூடாது. நான் கேட்பது இதைவிடச் சின்னது. மலை ஊராட்சிகளுக்குக் கிலோமீட்டரை விட்டுவிட்டு, பட்டா நிலமா, நிற்கும் பயிரா, திரும்பத் திரும்ப வரும் கூட்டமா என்று பாருங்கள். அறுவடைக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கு மட்டும், பயிற்சி பெற்ற வனத்துறைக் குழு வயலுக்கே வந்து சுட அனுமதியுங்கள்.

வனத்துறை நண்பர்கள் சிலர் இதை ஏற்க மாட்டார்கள். காட்டோரத்தில் சுடத் தொடங்கினால் அது காட்டுக்குள்ளும் போகும், பன்றியின் பெயரில் மான் கறி சந்தைக்கு வரும் என்பார்கள். அந்தப் பயம் வெறும் பயமல்ல. அதனால்தான் துறையின் கையில் மட்டும் இருக்கட்டும் என்கிறேன்.

அந்தக் குழு வரும்போது ஸ்கோப் கேள்வி சரியான இடத்துக்கு வருகிறது. ஊர்க்குழுவில் இருப்பவர்களும் களப் பணியாளர்களும் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. துப்பாக்கியை இந்த மாதம் எந்தத் தூரத்துக்குக் குறி சரிசெய்தீர்கள்? குழலின் பெருக்கம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? முக்கியமாக, குண்டு தவறினால் எதில் போய் நிற்கும்? ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். வானம் பின்னணியாகத் தெரியும் மேட்டில் நிற்கும் பன்றியை நோக்கிச் சுடவே கூடாது. இதற்கு நம் ஆட்களிடமே விடை இருக்கிறது. பரண். பன்னிரண்டு அடிப் பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணுக்குள் போகும். அன்றிரவு சுற்று வயல்காரர்கள் யாரும் காவலுக்குப் போகக் கூடாது என்று மாலையிலேயே தண்டோரா போட வேண்டும்.

சுட்டால் மட்டும் தீருமா? தீராது. பெண் பன்றி நான்கு மாதத்துக்குள் ஈனும்; ஓர் ஈற்றில் நான்கு, ஆறு குட்டிகள் சாதாரணம். ஒன்றைச் சுட்டால் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கும் காதும் கூர்மை. வாசனை விரட்டிகளைத் தொடர்ந்து ஒரே இடத்தில் கட்டினால் பத்துப் பதினைந்து நாளில் பழகிவிடுகிறது. இடத்தையும் வகையையும் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் பலன். சூரிய மின்வேலி நன்றாக வேலை செய்கிறது. தனி ஆள் அரை ஏக்கருக்குப் போட்டால் பன்றி அடுத்த வீட்டு அரை ஏக்கருக்குப் போகும்; நான்கைந்து குடும்பம் சேர்ந்து மொத்தமாகச் சுற்றிப் போட்டால் செலவும் பாதியாகும். 2023 மின்வேலி விதிகளின்படி பதிவு கட்டாயம். நேரடி மின்சாரத்தைக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம், அதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை.

என் துறையின் பங்கையும் சொல்ல வேண்டும். சாமையும் திணையும் கேழ்வரகும் இருந்த நிலத்தில் மரவள்ளி பரவியது, ஆலை கையில் பணம் தந்ததால்தான். விவசாயியைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் சாமைக்கு ஆபத்து கதிர் முற்றும் சில வாரங்களில்தான். மரவள்ளியோ கிழங்கு இறங்கியதிலிருந்து மாதக்கணக்கில் மண்ணுக்கடியில் விருந்து வைத்துக் காத்திருக்கிறது. காட்டோரத்தில் ஒரு பட்டைக்காவது மரவள்ளியை விட்டு, மிளகு ஏறிய மரங்களும் காபியும் வைத்தால் பன்றி இறங்கும் முகப்பு சுருங்கும். இதைப் பத்து வருடத்துக்கு முன்பே நாங்கள் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். விளைச்சல் டன் கணக்கைப் பேசிக்கொண்டிருந்துவிட்டோம்.

கிளம்பும்போது பையனிடம், ஸ்கோப்புக்கு எடுத்து வைத்த பணத்தில் நல்ல டார்ச் ஒன்று வாங்கு என்றேன். பன்றி வந்த இரவு, எத்தனை உருப்படி, எந்தப் பக்கமிருந்து இறங்கியது, எத்தனை குச்சி போனது என்று ஒரு நோட்டில் எழுதி, காலையில் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனக்காப்பாளரிடமும் மனுவோடு கொடுக்கச் சொன்னேன். ஒரு வீட்டு மனுவைவிட நாற்பது வீட்டு மனு ஒன்றாகப் போனால்தான், 3 கிலோமீட்டர் கணக்கு இந்த மலைக்குப் பொருந்தவில்லை என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்.

“எழுதி வைக்கிறேன் சார். ஆனா இன்னிக்கு ராத்திரிக்கு?” என்றான்.

அன்றிரவு அவனும் அவன் அப்பாவும் தகர டின்னோடு பரணில் இருந்தார்கள். நானும் பன்னிரண்டு மணி வரை கூட இருந்தேன். மூன்று மணிக்கு மேல் பன்றி வந்ததாகக் காலையில் சொன்னார்கள்.