பதினொரு பள்ளிக்கூடமும் ஒரு பி.காமும்

காலை ஆறரைக்கு போன் அடித்தால் எங்கள் வீட்டில் இரண்டே அர்த்தம். ஒன்று, ஊரில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு, அமெரிக்காவில் இருக்கும் என் பெரியப்பா பையன். அங்கே அப்போது இரவு எட்டு மணி. சாப்பிட்டு முடித்த தெம்பில் பேசுவான்.

2018 நவம்பரில் ஒரு நாள் அடித்தது. "டேய், நீ பி.காம்தானே?"

பட்டம் வாங்கியதிலிருந்து என்னை யாரும் இப்படி விசாரித்ததில்லை. ஆமாம் என்றேன், கொஞ்சம் கம்பீரமாகவே.

"பாப்பாவுக்கு ஸ்கூல் லிஸ்ட் போடணும். எனக்கும் உங்க அண்ணிக்கும் சண்டை. நீ கணக்குப் போட்டுச் சொல்லு."

அண்ணன் வாசம் நியூயார்க்கில், புரூக்ளின் பகுதி. அங்கே அஞ்சாவது முடித்தால் ஆறு, ஏழு, எட்டுக்கு மிடில் ஸ்கூல் என்று தனியாக ஒன்று. அரசுப் பள்ளிதான். ஃபீஸ் கிடையாது. 2017-லிருந்து மதியச் சாப்பாடும் எல்லோருக்கும் இலவசம். (இங்கே டொனேஷன் கட்டியவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படிக்கவும்.) பள்ளி நிர்வாகத்துக்காக நகரத்தை 32 மாவட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். அண்ணனுடையது 15. அதில் அப்போது 11 மிடில் ஸ்கூல். பிடித்த வரிசையில் எழுதித் தரவேண்டும்.

அந்த 15-க்குள்ளேயே பார்க் ஸ்லோப் இருக்கிறது. பழைய கல் வீடுகள், நம் பணத்தில் பல கோடி, குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். பஸ் பிடித்துத் தெற்கே போனால் சன்செட் பார்க். ஒரு தெருவில் மெக்ஸிகோ கடைகள், மூன்று தெரு தள்ளி சைனாக் கடைகள். இன்னொரு பக்கம் ரெட் ஹூக்கில் அரசுக் குடியிருப்பு, கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களும். யார் வேண்டுமானாலும் எந்தப் பள்ளிக்கும் எழுதிப் போடலாம். ஆனாலும் வருஷா வருஷம் வெள்ளைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மூன்றே பள்ளிகளில் போய்க் குவிந்தார்கள்.

மாயமெல்லாம் இல்லை. நாலாவது வகுப்பு மார்க், பரீட்சை, எத்தனை நாள் லேட், சில இடங்களில் இன்டர்வியூ, ஆடிஷன்கூட. ஒன்பது வயசுக் குழந்தைக்கு இன்டர்வியூ! டியூஷன் வைத்து, காரில் நேரத்துக்குக் கொண்டுபோய் விடும் அப்பா அம்மா இருந்தால் குழந்தை புத்திசாலி.

2018 செப்டம்பரில், மேயர் பில் டி பிளாசியோ காலத்தில், இதையெல்லாம் தூக்கிவிட்டு அந்த மாவட்டத்துக்குக் குலுக்கல் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் 52 சதவீத இடத்துக்கு, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள், இங்கிலீஷ் இன்னும் பழகாத பிள்ளைகள், வீடில்லாத பிள்ளைகள் ஆகியோருக்கு முன்னுரிமை. மாவட்டம் முழுக்க எடுத்தால் இவர்கள் ஏறக்குறைய அவ்வளவு பேர். இனத்தைப் பற்றி அதில் பேச்சே கிடையாது. ஒரு மாணவனின் இனத்தை மட்டும் பார்த்து இடம் ஒதுக்காதே என்று 2007-லேயே அவர்கள் சுப்ரீம் கோர்ட் கறாராகச் சொல்லிவிட்டது. ஆகவே வாசல் வழியாக வரமுடியாததை ஜன்னல் வழியாக வரவழைத்தார்கள்.

லேட்டாகத்தான் வந்தது. கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பள்ளி கூடாது என்று தீர்ப்பானது 1954-ல். பத்து வருஷம் பார்த்துவிட்டு, 1964 பிப்ரவரி 3 அன்று நியூயார்க்கில் நாலரை லட்சம் பிள்ளைகளுக்கு மேல் பள்ளியைப் புறக்கணித்தார்கள். அப்புறம் ஐம்பது வருஷம் கழித்து, 2014-ல் யு.சி.எல்.ஏ. ஆராய்ச்சி சொன்னது: பள்ளிகள் இனவாரியாக மிக மோசமாகப் பிரிந்து கிடப்பது தெற்கே எங்கோ இல்லை, நியூயார்க் மாநிலத்தில்தான்.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். அக்கம்பக்கத்தில் யாரோ, 'பிரபலமான பள்ளியை மட்டும் எழுது, மீதியைக் காலியாக விடு, பயந்து கொடுத்துவிடுவான்' என்று அண்ணனுக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். சுத்தப் பேத்தல். நாம் எத்தனையாவதாக எழுதினோம் என்று பார்த்து இடம் தருவதில்லை. கம்ப்யூட்டர் முதல் விருப்பத்தில் ஆரம்பித்து, இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது என்று இறங்கிவரும். அப்படிப்பட்ட பொருத்தம் பார்க்கும் வேலைக்காக ஷேப்லி, ராத் என்ற இருவருக்கு 2012-ல் பொருளாதார நோபல் பரிசே கொடுத்தார்கள். தந்திரம் எடுபடாது, பிடித்ததைப் பிடித்த வரிசையில் எழுதுவதுதான் லாபம் என்றேன்.

"பிடிச்சது எதுன்னுதானேடா சண்டை!"

அண்ணி போனை வாங்கினாள். பள்ளிகளுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடும் பட்டியல் அவள் கையில். அண்ணன் சொல்லும் பள்ளிக்கு நாலு. "நாலுக்கு யாராவது புள்ளைய அனுப்புவாங்களா, நீங்களே சொல்லுங்க."

என் பி.காமுக்கு வேலை வந்தது. "அண்ணி, அது க்ளோசிங் பேலன்ஸ். பெட்டியில கடைசியா எவ்வளவு இருக்குன்னுதான் சொல்லும். ஓபனிங் பேலன்ஸ் தெரியாம லாபம் எப்படித் தெரியும்? இங்கிலீஷே தெரியாம வந்த பையனை மூணு வருஷத்துல பாஸ் பண்ண வெச்ச வாத்தியார் பெரியவரா, ஏற்கெனவே தொண்ணூறு வாங்கினவனைத் தொண்ணூத்தொண்ணு வாங்க வெச்சவரா?"

அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எல்லாரும் கலந்து படிக்கணும்னுதான் இங்க எல்லாருமே சொல்றாங்க தம்பி. முதல்ல யார் வீட்டுப் புள்ள போறதுங்கறப்பதான் சத்தத்தையே காணோம்."

எனக்கு அவளைக் குறைசொல்ல மனசு வரவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தர் குழந்தையை வைத்துத் தியாகம் செய்வது ரொம்பச் சுலபம். குலுக்கலில் எனக்குப் பிடித்ததும் அதுதான். யாரும் தனியாக முதல் ஆளாகப் போகவேண்டாம். எல்லாரையும் ஒரே நாளில் கிளப்பிவிடுகிறது.

நேரில் போய்ப் பார்க்கச் சொன்னேன். பட்டியலில் ஒன்பது வாங்கிய ஒரு பள்ளியின் வாசலில் எல்லா தேசத்துக் கொடியும் இருந்ததாம். உள்ளே அட்வான்ஸ்டு கணக்கு வகுப்பில் ஒரே நிறம். அடுத்த அறையில் வேறு நிறம். ஒரே கூரைதான், இரண்டு பள்ளிக்கூடம். நாலு வாங்கிய பள்ளியில் ஒரு சைனாப் பையனும் மெக்ஸிகோ பெண்ணும், எரியாத பல்பு ஒன்றை வைத்துக்கொண்டு தலையால் முட்டிக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாராம். அண்ணன் அங்கேயே விழுந்துவிட்டான்.

கடைசியில் ராஜி. அண்ணியின் ஏழு மார்க் பள்ளி முதலில், நாலு மார்க் இரண்டாவது, ஒன்பது மார்க் கடைசிக்கும் முந்தையது. பாப்பாவை எந்தக் கட்டத்தில் சேர்ப்பார்கள் என்று கேட்டேன். 'ஆசியர்' கட்டமாம். சைனாக்காரரும் நாமும் ஒரே கணக்கு.

2019 வசந்தத்தில் முடிவு வந்தது. இரண்டாவது. அண்ணி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. என்னோடு ஒரு மாதம்.

செப்டம்பரில் பள்ளி திறந்த மறுநாள் காலை ஆறரைக்கு போன். இந்த முறை பாப்பா.

"சித்தப்பா, லாக்கர் திறக்கவே இல்ல. நம்பர் பூட்டு. மத்தியானம் வரைக்கும் பையைச் சுமந்துக்கிட்டே திரிஞ்சேன்."

"அப்புறம்?"

"பக்கத்து லாக்கர் பொண்ணு ஓங்கி ஒரு உதை விட்டா. திறந்துடுச்சு!"

பின்னாலிருந்து, அந்தப் பெண் யாரு, எங்கே வீடு, அப்பாவுக்கு என்ன வேலை என்று அண்ணி கேட்பது எனக்குக் கேட்டது. பாப்பாவுக்குக் கேட்கவில்லை. உதை எந்த இடத்தில் விடவேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.