ஓடாத வண்டியும் ஓயாத பற்றரியும்

உழைக்கும் பொருளே தேயும். உழையாத பொருள் வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். கவ்வாத்துக் கத்தியைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மைதான். தீட்டத் தீட்ட அது தேயும். எண்ணெய் பூசிக் கூரையிடுக்கில் செருகிவிட்டால் வருடக்கணக்கில் கெடாமற் கிடக்கும். மோட்டார் வண்டியின் பற்றரிக்கோ இந்த நியாயம் செல்லாது. நாள்தோறும் ஓடும் வண்டியின் பற்றரி சில ஆண்டுகள் நன்றாக உழைக்கிறது. ஓடாத வண்டியின் பற்றரி கொட்டகையில் நின்றபடியே உயிரை விடுகிறது. அது ஏன் என்பதையும், அதற்குரிய காப்பு யாது என்பதையும் இந்த வாரம் சிறிது ஆராய்வோம்.

மேல்நாடுகளில் படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி யாவும் அமைந்த 'மோட்டார் வீடு'களை வைத்திருப்போர் உண்டு. கோடையில் சில வாரங்கள் ஊர் சுற்றியபின் குளிர்காலம் முழுவதும் அவற்றை நிறுத்தி வைக்கும் அவர்களுக்குப் பற்றரிக் கவலை பெருங்கவலை. நமது மலைநாட்டில் அத்தகைய வண்டிகள் அரிது; ஆனால் எப்போதாவது மட்டும் ஓடும் வண்டிகளுக்குக் குறைவில்லை. தோட்டத்தில் ஒருவர் வைத்திருக்கும் வான், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வெளியே வரும்; மற்ற நாட்களில் தார்ப்பாயின் கீழ் நிற்கும். வெளியூரில் தொழில் புரியும் பிள்ளை வாங்கி நிறுத்திப்போன கார், அவர் லீவில் வரும்வரை காத்திருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டபோதும், ஓடிய வண்டிகளும் ஓடா வண்டிகளாயின. அவ்வாண்டு ஜூலையில் எரிபொருள் அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று பங்கு கிடைத்தபின், பெற்றோல் இருந்தும் பற்றரி இல்லாமல் திகைத்தவர் பலர்.

பற்றரி என்பது மின்சாரத்தைத் தண்ணீர் போல் நிரப்பி வைக்கும் பாத்திரம் அன்று. 1859இல் பிரான்ஸ் தேசத்து காஸ்தோன் பிளான்தே கண்ட முறைதான் இன்றும் நம் வண்டிகளில் இருக்கிறது. நீர் கலந்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடும் ஈய ஒட்சைட்டுத் தகடும் மூழ்கி நிற்கின்றன. மின்சாரம் வெளிப்படும்போது இரு தகடுகளின் மேலும் ஈய சல்பேற்று படிகிறது. மின்னேற்றும்போது அது மீண்டும் கரைந்து போகிறது. இத்தகைய ஆறு அறைகள் சேர்ந்ததே 12 வோல்ற் பற்றரி. புதிதாகப் படிந்த சல்பேற்று மென்மையானது, எளிதில் நீங்கும். வாரக்கணக்கில் நீங்காமல் விடப்பட்டால் அது தடித்த படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுவதும் கரையாது. ஆகவே வெறுமையாகக் கிடப்பதே பற்றரிக்கு நோய்.

வண்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றபின் பற்றரிக்கு ஓய்வு கிடைக்கிறது என்று எண்ணலாகாது. கடிகாரம், திருட்டு மணி, தொலைவிலிருந்து திறக்கும் பூட்டு, எஞ்சினை ஆளும் கணினி ஆகியவை விழித்தே இருக்கின்றன. மாணவ நண்பர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை யாவும் சேர்ந்து 30 மில்லி அம்பியர் உண்பதாகக் கொள்வோம். இது மிகச் சிறிய தொகை. ஒரு நாளைக்கு 0.72 அம்பியர்-மணி, முப்பது நாளைக்கு 21.6 அம்பியர்-மணி. வண்டியில் உள்ளது 45 அம்பியர்-மணிப் பற்றரியாயின், ஒரே மாதத்தில் ஏறக்குறையப் பாதி போயிற்று!

"வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுகிறோமே" என்பர் சிலர். இந்தச் சமாதானத்தையும் கணக்கில் இட்டுப் பார்ப்போம். எஞ்சின் பத்து அம்பியர் வீதம் மின்னேற்றினாலும் ஐந்து நிமிடத்தில் ஓர் அம்பியர்-மணிகூடச் சேராது. வாரச் செலவோ ஐந்து. ஐந்து ரூபாய் கடன்பட்டு ஒரு ரூபாயும் முழுதாகத் திருப்பாதவனின் நிலைதான் இது. வாரம் ஒருமுறை அரை மணி, முக்கால் மணி நேரமாவது சாலையில் ஓட்டினால் பலன் உண்டு. கொட்டகையில் நின்று உறுமுவதால் புகைதான் மிஞ்சும்.

நமது குளிர் இதில் நண்பனா, பகைவனா? இரண்டும்தான். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் குளிர்ச்சி பற்றரியின் ஆயுளுக்கு நல்லது. வெப்பம் பத்துப் பாகை ஏறினால் பற்றரி தானாகவே வடியும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அவ்வகையில் கொழும்பு வண்டியைவிட நம் வண்டி பாக்கியசாலி. ஆனால் தை, மாசியில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனி விழும் காலையில், எஞ்சின் எண்ணெய் தடித்துவிடுகிறது. பற்றரியின் வலிமையும் குறைகிறது. நிறைந்த பற்றரி இதைத் தாங்கும். பாதி வடிந்தது தாங்காது.

மலைநாட்டாருக்கு ஒரு பழைய தைரியம் உண்டு. வண்டியை இறக்கத்தை நோக்கி நிறுத்துவது. பற்றரி கைவிட்டால் உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விடுவது. பழைய கார்களும் லொறிகளும் இப்படி எத்தனையோ காலை உயிர் பெற்றன. ஆனால் தானியங்கி கியர் வண்டியும், இன்று தெருவெங்கும் காணும் ஹைபிரிட் காரும் இதற்கு இணங்கமாட்டா. ஹைபிரிட் காரில் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும், சிறிய 12 வோல்ற் பற்றரி இறந்துவிட்டால் வண்டி விழிப்பதில்லை.

இன்னொரு பழைய பாடமும் நம்மிடம் உண்டு. 1979இல் இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியபின், மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பற்றரியே படம் காட்டியது. படம் நாற்புறமும் சுருங்கிக் கடுகளவாகும்வரை பார்த்துவிட்டு, மறுநாள் பற்றரியைச் சுமந்து டவுனுக்குச் சென்று சார்ஜ் செய்து வந்தோம். அந்தப் பற்றரிகள் விரைவில் கெட்டன. காரணம், வண்டிப் பற்றரியின் தகடுகள் மெல்லியவை; ஒரு நொடியில் பெருமின்சாரம் தந்து உடனே நிரப்பப்படவே அவை செய்யப்பட்டவை. ஒட்டக் கறக்கும் வேலைக்குத் தடித்த தகடுடைய வேறு பற்றரி வேண்டும். மோட்டார் வீடுகளில் எஞ்சினுக்கு ஒன்றும் விளக்குக்கு வேறொன்றுமாகப் பற்றரிகள் இருப்பது இதனாலேயே.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. சில வாரங்கள் ஓடாத வண்டியில் பற்றரியின் இணைப்பைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது 'நெகட்டிவ்' முதலில், பூட்டும்போது அது கடைசியில். மாதம் ஒருமுறை மீற்றரால் அளந்து பாருங்கள்: 12.6 வோல்ற்றுக்கு மேல் நிறைவு, 12.4க்குக் கீழ் வந்தால் உடனே மின்னேற்றவேண்டும், 12.2 என்றால் பாதி போய்விட்டது. நிறைந்ததும் தானே அடங்கும் சார்ஜரே உத்தமம். மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு எழுவதால் கதவைத் திறந்து வையுங்கள். விளக்கும் பீடியும் அருகில் ஆகா. மூடி திறக்கும் பற்றரியாயின், வடித்த நீரையே ஊற்றவேண்டும். நமது பீலித் தண்ணீர் பளிங்கு போல் தெளிந்திருந்தாலும் அதில் கரைந்துள்ள உப்புக்கள் தகடுகளுக்குப் பகை. இறந்த பற்றரியை ஓடையிலோ தேயிலை மலையிலோ எறியாதீர்கள், ஈயம் நஞ்சு. பழைய பற்றரியை விலைக்கு எடுக்கும் கடைகள் உண்டு.

இத்தனை அக்கறை ஒரு கறுப்புப் பெட்டிக்கா என்று கேட்கலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இன்று சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது, பெரும் நன்மைதான். ஆயினும் பிரதான வீதியிலிருந்து பல மைல் உள்ளே, மழையில் கரைந்த பாதையின் முடிவில் இருக்கும் டிவிஷனில், நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளுக்கும், மூச்சுத் திணறும் முதியவருக்கும் அருகில் உள்ள துணை அந்த ஒரே வான்தான். அந்த வான் ஒருவருடைய சொத்தாயினும், அவ்வேளையில் லயம் முழுவதன் நம்பிக்கை. அது வருடத்தில் எத்தனை நாள் ஓடியது என்பது பெரிதன்று. வேண்டிய அந்த ஓர் இரவில் ஓடியதா என்பதே பெரிது. வண்டி வைத்திருப்போர் நாளைக்கே ஒருமுறை அளந்து பார்ப்பார்களாக.