தழும்பு மட்டும் போதுமா?

இடது தோளிலே ஒரு சிறு தழும்பு! காஞ்சியிலே பட்டு நெய்பவன் வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு. அந்தப் பட்டை வாங்கி உடுத்துபவன் வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு. பிறந்தவுடன் போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். "ஊசி போட்டாயிற்று, இனி எலும்புருக்கி நோய் அண்டாது" என்கிறார் ஒருவர். "குழந்தைகட்கெல்லாம் போட்டுவிட்டோம், கடமை தீர்ந்தது" என்று கணக்கேட்டை மூடுகிறார் மற்றொருவர். "ஊசியாவது மருந்தாவது, எல்லாம் தலைவிதி" என்கிறார் மூன்றாமவர். மூவர்க்கும் மறுப்புரை நம் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது, தோழர்களே!

1948இல் கிண்டியிலே பி.சி.ஜி. தயாரிக்கும் கூடம் எழுந்தது. 1951இல் நாடெங்கும் ஊசி இயக்கம் பரவிற்று. 1955இல் இராசகோபாலாச்சாரியார் எதிர்த்துக் கிளம்பினார். எதிர்ப்புக்குக் காரணம் கூறி நூலும் வெளியிட்டார். ஊசி காக்கும் என்றது சர்க்கார். கூடாது என்றார் ஆச்சாரியார். எவர் சொல்வது மெய்? முன்னாள் முதலமைச்சர் மொழிந்தார் என்பது சான்றாகுமா? ஆள்வோர் அறிவித்தனர் என்பதுதான் சான்றாகுமா? எண்ணிப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது. எண்ணினார்கள்!

1968இல் செங்கற்பட்டு மாவட்டத்திலே தொடங்கிற்று அந்தப் பேராய்வு. அன்று காஞ்சிபுரமும் அம்மாவட்டத்து ஊரே. திருவள்ளூர் வட்டாரத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். சிலருக்கு மருந்து ஊசி, சிலருக்கு மருந்தற்ற ஊசி. எவருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979இல் முதல் முடிவு. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் முழுமுடிவு 1999இல். வயது வந்தோரின் நுரையீரற் காசத்தை ஊசி தடுக்கவில்லை! சிறுவயதிலே போட்டுக்கொண்டோர்க்குக் கிட்டிய பலனும் சொற்பமே!

அப்படியானால் ஆச்சாரியார் வென்றாரா? இல்லை. கைக்குழந்தைகளின் மூளைச் சவ்வைத் தாக்கி உயிர் குடிக்கும் காசத்தை இதே ஊசி பெருமளவு தடுக்கிறது என்பது பிற ஆய்வுகளால் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. ஆகவே பிறந்த குழந்தைக்கு ஊசி போட்டே தீர வேண்டும். எனினும் ஊரிலே நோயைப் பரப்புவது குழந்தையா? பெரும்பாலும் இருமும் பெரியவர். ஊசி தொட்டிலைக் காக்கும். தறி மேடையைக் காக்காது. தனக்குப் பாதகமான முடிவையும் தானே அச்சிட்டு வெளியிட்டது அறிவியல். பலிக்காத பரிகாரத்தின் கணக்கை எந்தச் சோதிடராவது வெளியிட்டதுண்டா?

தறி மேடையைக் காப்பது எது? 1956இல் சென்னையிலே தொடங்கிய ஆய்வு ஒரு வழி காட்டிற்று. வீட்டிலிருந்தே மருந்துண்டவரும் மருத்துவமனையிலே படுத்திருந்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. 1959இல் வெளியான முடிவு இது. ஆனால் இன்றும் நோயாளியை ஒதுக்குகிறோம். பெண்ணின் திருமணம் தடைப்படுமென்று இருமலை மறைக்கிறோம்! ஜார்க்கண்டிலே நடந்த ஆய்வு, 2023இல் மற்றொரு வழி காட்டிற்று. நோயாளி வீட்டாருக்குச் சத்துணவு தந்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தது. சோறும் ஒரு தடுப்பு மருந்து!

பிள்ளையார்பாளையத்து நெசவாளியை எண்ணுங்கள். வீடே தறிக்கூடம், குழியிலே கால், பாவிலே கண். அவன் நோயுற்றால் அதே காற்றைத்தானே மனைவியும் மக்களும் மூச்சாக இழுக்கின்றனர்? நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித் தொகை 2024 நவம்பரில் 1,000 ஆயிற்று, நன்று. வீட்டாருக்கோ? கொடையாளர் மனமுவந்து தரும் உணவுப் பொட்டலம்! உயிர் காக்கும் சோறு உரிமையா, பிச்சையா? 2025க்குள் நோயை ஒழிப்போமென்று நாள் குறித்தார்களே, பசியை ஒழிக்க நாள் குறித்தார்களா?

இளைஞர்களே! குழந்தைக்கு ஊசி போட மறுக்கும் வீட்டிலே நுழைந்து வாதாடுங்கள். இரண்டு வாரம் இருமியவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆறு மாத மருந்தை இடையிலே விடாமல் துணை நில்லுங்கள். நோயாளியின் வீட்டார் அனைவருக்கும் உணவு, சட்டப்படியான உரிமை ஆகும்வரை ஓயாதீர்கள். தோளிலே தழும்பு இருக்கட்டும். தட்டிலே சோறும் இருக்கட்டும்!