அபராதம் கஜானாவுக்கு, அலைச்சல் ஏழைக்கு!

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது குற்றம். அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டுச் சாகிறவனும் ஏழைதானே! ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019 சட்டத் திருத்தத்தின்படி அபராதம் 10,000 ரூபாய். மரக்காணம் உப்பளத் தொழிலாளிக்கு சர்க்கார் அறிவித்த மழைக்கால நிவாரணமோ ஆண்டுக்கு 5,000. இரண்டு வருஷ நிவாரணம் ஒரே அபராதத்தில் போயிற்று!

2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பதும் இதே சர்க்கார்தான். 2023-24இல் அதனால் கிடைத்தது 45,855 கோடி. அபராதமும் அதே கஜானாவுக்கே. கோர்ட்டுக்குச் செலவு என்றால் மட்டும் கை சுருங்குகிறது. கட்டிடத்துக்கு டில்லியும் சென்னையும் 60:40 என்று பங்கு பேசுகின்றன; மாஜிஸ்ட்ரேட், குமாஸ்தா சம்பளம் மாநிலத்தின் பொறுப்பு. வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழப்பவன் யார்? தொழிலாளிதான்.

மதுப் பணத்தில் ஒரு பங்கைத் தாலுகா கோர்ட்டுகளுக்கென்று ஒதுக்க வேண்டும். வழக்குகளை ஒரே வாய்தாவில் முடிக்கப் போதிய மாஜிஸ்ட்ரேட்டுகளையும் சிப்பந்திகளையும் சர்க்கார் உடனே நியமிக்க வேண்டும்.