ஜெயிலில் 10 நாள் மௌனம்: விபாசனா தியானம் கைதிகளை மாற்றுமா?

ஏற்காட்டிலிருந்து இறங்கி சேலத்துக்குள் நுழைந்தால், அஸ்தம்பட்டியில் மத்திய சிறை. மலைக்கு அமைதி தேடிப் போகிறவர்கள் தாண்டிப் போகிற இடம் அது. அப்படிப்பட்ட மதில்களுக்குள் மன அமைதி சாத்தியமா? புத்தர் வழித் தியானத்தை வைத்து சில சிறைகள் இதை ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கின்றன.

எங்கே ஆரம்பித்தது?

1975-ல், ஜெய்ப்பூர் மத்திய சிறையில். பர்மாவில் விபாசனா கற்ற எஸ்.என். கோயங்கா வகுப்பு எடுத்தார். கால் விலங்கோடு இருப்பவர்களுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்றார், விலங்குகள் கழற்றப்பட்டன. 1993-ல் கிரண் பேடி பொறுப்பில் இருந்தபோது திகார் சிறைக்கு வந்தது. முதல் வகுப்பில் கைதிகளோடு சிறை ஊழியர்களும் உட்கார்ந்தாங்க. 1994 ஏப்ரலில் 1,000-க்கும் மேற்பட்ட கைதிகள் பங்கேற்றனர்.

10 நாளும் என்ன செய்வாங்க?

அதிகாலை 4 மணிக்கு எழணும். பேச்சு, புத்தகம், வெளித்தொடர்பு எதுவும் கிடையாது. தினமும் சுமார் 10 மணி நேரம் மூச்சையும் உடல் உணர்வுகளையும் கவனிக்கணும். கோபம் வந்ததும் கை ஓங்காமல், அதைக் கவனிக்கப் பழகுவதுதான் பயிற்சி.

பலன் இருக்கா?

சியாட்டிலில் ஒரு சிறையில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. விபாசனா முடித்தவர்கள் விடுதலைக்குப் பிறகு மது, போதைப்பொருளைக் குறைவாகப் பயன்படுத்தியதாக அது சொல்கிறது. ஆனா, அவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள். மாற்றத்துக்குத் தியானம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

மதப் பிரச்னை வராதா?

வந்தது. அமெரிக்காவின் அலபாமாவில், டொனால்ட்சன் சிறையில் 2002-ல் தொடங்கிய வகுப்பு, மத ரீதியான எதிர்ப்பால் நிறுத்தப்பட்டு, சில ஆண்டுகளுக்குப் பிறகே மீண்டும் வந்தது. அதனால் யாரையும் கட்டாயப்படுத்தாமல் இருப்பது முக்கியம்.

அப்போ சிக்கல் எங்கே?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். இதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; அதாவது நாலில் மூணு பேர். 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள். வாய்தாவுக்குப் போகணும், மனு பார்க்க வரும் குடும்பத்தைச் சந்திக்கணும் என்றிருப்பவருக்கு 10 நாள் மௌனம் எளிதல்ல.

இவர்களுக்கு வேறொரு வழியும் தேவை. முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால், பிணைப்பத்திரத்தில் விடுவிக்க பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 479-வது பிரிவு வழிசெய்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. தியான வகுப்போடு இந்தக் கணக்கையும் சிறைகள் சரியாகப் பார்த்தால், உள்ளே இருப்பவர்களின் மனப்பாரம் இன்னும் குறையும்.