சீட் எடுக்கும் முன் கேளுங்க டாக்டர்!

அமெரிக்காவில் மருத்துவ மேற்படிப்புக்கு நேர்முகத் தேர்வு உண்டு. இங்கே எம்.டி., எம்.எஸ். சீட்டுக்கு நீட் பி.ஜி. தேர்வும் கவுன்சலிங்கும்தான். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி டாக்டர் பிள்ளைகளே, உங்களை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்!

கல்லூரிகளை வரிசைப்படுத்தும் முன், அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் சீனியரிடம் பேசுங்கள். ‘டியூட்டி எப்படி அண்ணா?’ என்றால், ‘பரவாயில்லை’ என்பார். இப்படிக் கேளுங்கள்:

* போன வாரம் எத்தனை நைட் டியூட்டி? மறுநாள் தூங்க முடிந்ததா?
* கடைசியாக உங்கள் கையால் செய்த சிகிச்சை எது? பக்கத்தில் பேராசிரியர் இருந்தாரா?
* போன மாத ஸ்டைபண்ட் எந்தத் தேதியில் வந்தது?
* பாதியில் விட்டுப் போனவர் உண்டா? ஏன்? எவ்வளவு பணம் கட்டினார்?

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி, வேலைச் சூழலைப் பொறுத்து வாரம் ஒருநாள் விடுமுறையும், ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. அது நடைமுறையில் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

பெற்றோரே, ஃபீஸ் மட்டும் விசாரித்தால் போதாது. மூன்று வருஷம் உங்கள் பிள்ளை அங்கே நிம்மதியாக இருக்க வேண்டும். தூக்கமில்லாத டாக்டரிடம் வரும் நோயாளியும் நம்மில் ஒருவர்தானே!