கையைக் கழுவியாச்சா?

லேசில் மசியாத கோட்டை செஞ்சிக் கோட்டை. 1690-ல் முற்றுகை போட்ட மொகலாயப் படை ஏழெட்டு வருஷம் காத்துக் கிடந்துதான் உள்ளே நுழைந்தது. ஆனால் உள்ளே இருந்தவனைக் கொன்ற எதிரி வேறே. 1750-ல் கோட்டையைப் பிடித்து 1761-ல் பறிகொடுத்த பிரெஞ்சுக்காரர்கள், ஒரு நேரத்தில் 100 வெள்ளைச் சிப்பாய்களுக்கு மேல் அங்கே வைத்ததில்லையாம். அப்படியும் பத்து வருஷத்தில் 1,200 பேரைச் சாகக் கொடுத்தார்கள் என்ற பேச்சை ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். 'இந்த ஊர் உடம்புக்கு ஆகாது' என்று ஊர்மேல் பழி விழுந்தது. கிருமி என்ற சங்கதியே தெரியாத காலம்!

இன்றைக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தையைப் பார்த்தால் போதும். ஆட்டைத் தடவிப் பார்த்த கை, நோட்டை எண்ணின கை, அப்படியே டீக்கடை வடையை எடுக்கிறது. அதைவிட ஆபத்தான கை ஒன்று உண்டு. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, பேருக்கு நனைத்த கை! காலரா, டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலையில் ஒரு வகை, எல்லாம் புறப்படும் இடம் ஒருவர் மலம்; போய்ச் சேரும் இடம் இன்னொருவர் வாய். நடுவே தூக்கிப் போவது தண்ணீர், ஈ, கை. சீதபேதி தரும் ஷிகெல்லா கிருமி 10 முதல் 100 வரை உள்ளே போனாலே ஆளைப் படுக்க வைத்துவிடும். நகக்கண்ணில் அதற்கு மேலேயே இடம் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சோப்பு போடத் தெரியாத ஜனங்கள் இல்லை. சாப்பிட்டு முடித்தவர் சால்னா வாடை போக இரண்டு தடவை சோப்பு போடுகிறார். சாப்பிட உட்காரும் முன்? டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, உதறிவிட்டு, இலையில் கை வைக்கிறார். சால்னாவுக்கு வாடை உண்டு, கிருமிக்குக் கிடையாது. அதுதான் வம்பு! தோலின் எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக் கிடப்பதை வெறும் தண்ணீர் முழுசாகக் கழற்றாது. சோப்பு நுரையோடு 20 வினாடியாவது தேய்க்கணும். இந்தப் பழக்கம் வந்த இடங்களில் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

சாப்பிடுகிறவர் கை கெட்டால் அவர் வயிற்றோடு போச்சு. சமைக்கிறவர் கை கெட்டால்? நியூயார்க்கில் மேரி மல்லன் என்று ஒரு சமையல்காரி. ஆள் நல்ல திடகாத்திரம். அவர் சமைத்த வீடுகளிலோ வரிசையாக டைபாய்டு! 1907-ல் பிடித்துச் சோதித்தால், கிருமி அந்தம்மாள் உடம்பிலேயே குடியிருந்தது. இனி சமைப்பதில்லை என்று சொல்லி விடுதலையானவர், பெயரை மாற்றிக்கொண்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சமையலுக்குச் சேர்ந்தார். 1915-ல் அங்கே 25 பேர் படுத்தார்கள். மாஸ்டர் ஆரோக்கியமாக இருக்கிறார் என்பது மட்டும் போதாது.

உணவைத் தொடுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவச் சோதனை, டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசி என்று 2011 விதிகள் சொல்கின்றன. கடைக்கு வரும் அதிகாரிகள் லைசென்சோடு இந்தச் சான்றிதழையும் கேட்கட்டும். அப்படியே பின்கட்டுக் கழிப்பறைக் குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.

கொரோனா வந்த 2020-ல் கடைக்குக் கடை வாசலில் பக்கெட்டும் சோப்பும் இருந்தன. பயம் போனதும் பக்கெட்டும் போச்சு! 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்து, சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அது அதிக தூரத்து ஊரா?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. வெளியூர்க் கூட்டம் வரும், பரோட்டாக் கடைகளில் கல்லாவும் நிரம்பும். கல்லாவில் காசு வாங்கின கை பார்சல் கட்ட வேண்டாம். அதற்குத் தனி ஆள் போடட்டும்.

பஸ் ஸ்டாண்டு, சந்தை, கோட்டை வாசல், எங்கெல்லாம் கழிப்பறையோ அங்கெல்லாம் சோப்பு வேண்டும். 'வைத்தால் தூக்கிப் போய்விடுகிறார்கள்' என்பதுதான் வழக்கமான பதில். துணி துவைக்கிற பவுடரைத் தண்ணீரில் கரைத்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் ஊற்றிக் குழாயோடு கட்டித் தொங்கவிட்டால் எவன் தூக்கப் போகிறான்? அடுத்த வெள்ளிக்கிழமைச் சந்தைக்குள் பேரூராட்சி இதைச் செய்துவிடலாம். டெண்டர் விடுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை!